சாயும் வாழைமரம்: பழைய கேசட்டும் புதிய டிவியும்

தொண்ணூறுகளில் தாம்பரத்திலோ கூடுவாஞ்சேரியிலோ நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ கேசட்டை எடுத்து, இன்றைய 43 அங்குல எல்.இ.டி. டிவியில் போட்டுப் பாருங்கள். மண்டப வாசலில் கட்டிய வாழைமரம் அடியிலிருந்து முக்கால் உயரம் வரை நேராக நிற்கும். உச்சிக்கு வந்ததும் இலையும் குலையுமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேடையில் நிற்கும் உறவினர்களுக்கும் அதே கதிதான். உயரமானவர்களின் தலை மட்டும் தனியாக வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். படத்தின் அடிவிளிம்பில் விரற்கடை அளவில் ஒரு பட்டை ஓயாமல் நெளியும். நடுவில் திடீரென்று திரை நீலமாகி, சிக்னல் இல்லை என்று டிவி கைவிரித்துவிடும்.

அதே கேசட்டை, அதே வீடியோ டெக்கில், பரணிலிருந்து இறக்கிய பழைய டப்பா டிவியில் போட்டால் வாழைமரம் நேராக நிற்கிறது.

காட்டாங்குளத்தூர், பொத்தேரி, மறைமலை நகர் என்று ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த இந்தப் புறநகர்களில், பெரியவர்களின் பீரோவில் இப்படி இரண்டு மூன்று கேசட்டாவது இல்லாத வீடு குறைவு. பிள்ளைகள் ஆசையாகப் போட்டுப் பார்ப்பார்கள், படம் இழுக்கும், "கேசட் கெட்டுப்போச்சு" என்று மூடி வைத்துவிடுவார்கள். கேசட் கெட்டிருந்தால் டப்பா டிவியிலும் மரம் சாய்ந்திருக்க வேண்டும். புது டிவி கெட்டிருந்தால் சீரியலில் வரும் தூண்களும் சாய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஆகவே கோளாறு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அது படத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

பழைய டிவி சிக்னலில் படம் முழுதாக வருவதில்லை, வரி வரியாக வரும். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோதும், 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாடு கலருக்கு மாறியபோதும், நம் நாட்டுக் கணக்கு ஒன்றுதான்: ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். கலருக்கு நாம் எடுத்துக்கொண்ட முறைக்கு பி.ஏ.எல். என்று பெயர். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 64 பங்கு, அதாவது 64 மைக்ரோநொடி. அதில் 52 மைக்ரோநொடிதான் கண்ணுக்குத் தெரியும் படம். மீதியில், அடுத்த வரி தொடங்கப்போகிறது என்று சொல்லும் ஒரு சிறு மின் துடிப்பு வரும். இதை ஒத்திசைவுத் துடிப்பு என்று சொல்லலாம். மெக்கானிக்குகள் 'சிங்க்' என்பார்கள்.

இந்தச் சிக்னலில் எந்தப் புள்ளிக்கும் முகவரி கிடையாது. "நான் 40ஆம் வரி, இடமிருந்து 300ஆம் புள்ளி" என்று எதுவும் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. துடிப்பு வந்து 10 மைக்ரோநொடி கழித்து வந்தால் அது இடப்பக்கத்துப் புள்ளி. 50 மைக்ரோநொடி கழித்து வந்தால் வலப்பக்கத்துப் புள்ளி. எப்போது வந்தது என்பதை வைத்துத்தான் எங்கே போடுவது என்று டிவி முடிவுசெய்கிறது. எனவே ஒரு வரி சற்றுத் தாமதமாக வந்தால், அதிலுள்ள அத்தனையும், மரம், தலை, சரவிளக்கு என்று பேதமில்லாமல், வலப்பக்கம் நகரும். முன்னதாக வந்தால் இடப்பக்கம்.

எவ்வளவு நகரும்? 43 அங்குல டிவியில் பழைய வடிவப் படத்தைச் சரியான விகிதத்தில் வைத்தால் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். அந்த அகலம் 52 மைக்ரோநொடிக்குச் சமம். அப்படியானால் ஒரு மைக்ரோநொடித் தாமதம் திரையில் ஏறத்தாழ 1.4 சென்டிமீட்டர். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் மணமகனின் தலைப்பாகை கழுத்தோடு பொருந்தாமல் போகிறது.

ஒளிபரப்பில் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே துடிப்பை உண்டாக்குவது படிகத்தால் இயங்கும் மின்கடிகாரம். கேசட்டில் அப்படி இல்லை. அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது ஒரு பிளாஸ்டிக் நாடாவும் சில உருளைகளும் ஒரு மோட்டாரும்.

பழுதான டெக் ஒன்று வீட்டில் இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் சற்றே சாய்ந்த நிலையில் ஒரு வெள்ளி நிற உருளை இருக்கும். ஹெட் டிரம் என்பது அதுதான். விட்டம் 62 மில்லிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். அதன் விளிம்பில் ஒன்றுக்கொன்று நேரெதிராக, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இரண்டு சிறு காந்த முனைகள் உண்டு. 'ஹெட் தேஞ்சுபோச்சு' என்று மெக்கானிக் சொல்வது இவற்றைத்தான். கேசட்டை உள்ளே தள்ளியதும் இரண்டு தூண்கள் நாடாவை வெளியே இழுத்து, இந்த டிரம்மில் பாதிக்குச் சற்று மேலாகச் சுற்றி அணைத்துப் பிடிக்கும். டிரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். நாடா மட்டும் நொடிக்கு 23 மில்லிமீட்டர் என்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

ஹெட்டைச் சுழற்ற வேண்டிய அவசியம் என்ன? படத்தில் தகவல் அதிகம். அதைப் பதிய ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையே நொடிக்கு ஏறக்குறைய 4.85 மீட்டர் வேகம் தேவை. ஹெட்டை அசையாமல் வைத்து நாடாவையே அந்த வேகத்தில் ஓட்டினால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 52 கிலோமீட்டர் நாடா வேண்டும். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினால், மறுமுனை காட்டாங்குளத்தூரையும் தாண்டிப் போகும் நீளம். ஹெட் சுழல்வதால் சுமார் 258 மீட்டரில் வேலை முடிகிறது. சுழலும் ஹெட்டை வைத்து ஒளிபரப்புக்கு உகந்த படப்பதிவை 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் செய்து காட்டியது. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். என்ற பெயரில் அதை வீட்டுக்கேற்ற பெட்டியாகக் கொண்டுவந்தது. நம் கல்யாணக் கேசட்டுகளில் பெரும்பாலானவை அந்த வகை.

டிரம் சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின் குறுக்கே சாய்கோடாக ஒரு தடத்தை வரைகிறது. தடத்தின் நீளம் 97 மில்லிமீட்டர், அகலம் 49 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தடத்தில் ஒரு 'புலம்', அதாவது ஒரு படத்தின் ஒற்றைப்படை வரிகளோ இரட்டைப்படை வரிகளோ, மொத்தத்தில் பாதியான 312½ வரிகள், பதிவாகியிருக்கும். முதல் ஹெட் ஒரு புலத்தைப் படித்து முடித்து நாடாவை விட்டு விலகும் நேரத்தில், எதிர்ப்பக்கத்து ஹெட் அடுத்த தடத்தில் இறங்கி அடுத்த புலத்தைத் தொடங்கும். இந்தக் கைமாற்றம் நொடிக்கு 50 முறை நடக்கிறது. கோளாறு புகும் வாசல் இதுதான்.

பதிவு செய்த நாளில் நாடா ஓர் இழுவிசையில், ஒரு வெப்பத்தில், ஓர் ஈரப்பதத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகள் சென்னை வெயிலில், மரப் பீரோவில், பாச்சை உருண்டைக்கு நடுவில் கிடந்த பிறகு அது அதே நீளத்தில் இருக்காது. நாடாவின் அடிப்பொருள் பாலியெஸ்டர். அது நீளும், சுருங்கும். போதாததற்கு இன்று ஓட்டும் டெக் அன்று பதிந்த டெக் இல்லை. இதன் ஸ்பிரிங் நாடாவை வேறு அளவில் பின்னோக்கிப் பிடித்து இழுக்கும். பின்னிழுப்பு என்று இதைச் சொல்லலாம்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 4.85 மீட்டர் வேகத்தில் ஒரு மைக்ரோநொடியில் ஹெட் கடப்பது ஐந்து மைக்ரான்கூட இல்லை. 97 மில்லிமீட்டர் தடம் ஐந்து மைக்ரான் நீண்டாலோ சுருங்கினாலோ, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு மாறினால், ஒரு ஹெட்டிடமிருந்து மற்றொன்றுக்குக் கை மாறும் கணத்தில் துடிப்பு ஒரு மைக்ரோநொடி தள்ளி வரும். திரையில் 1.4 சென்டிமீட்டர். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நீட்சி, வாழைமரத்தைச் சாய்த்துவிடுகிறது. முப்பது ஆண்டு கழித்தும் இந்த நாடாவில் ஏதோ படம் வருகிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

கை மாறும் இடம் படத்தின் அடியில், கடைசி ஐந்து முதல் எட்டு வரிகளுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அடிவிளிம்பில் நெளியும் பட்டை இதுதான். அது பழுதே இல்லை. எல்லாக் கேசட்டிலும் உண்டு, பிறந்ததிலிருந்தே உண்டு. டப்பா டிவி படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் சற்று மறைத்தே காட்டியதால் நாம் அதைப் பார்த்ததில்லை. புது டிவி எதையும் மறைப்பதில்லை.

இனி மேல்பக்கச் சாய்வு. கை மாறியதும் துடிப்பு எதிர்பாராத நேரத்தில் வருகிறது. டிவிக்குள் வரிகளை எண்ணும் ஒரு மின் ஊசல் உண்டு. வரும் துடிப்பைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் ஒரே தாவலில் அல்ல, வரி வரியாகத்தான். ஒரு புலம் முடிந்து அடுத்தது தொடங்கும்முன் கண்ணுக்குத் தெரியாத 25 வரி நேரம் இருக்கிறது. பிக்சர் ட்யூப்பின் மின்கதிர் கீழிருந்து மேலே திரும்ப விட்ட அவகாசம் அது. அதற்குள் திருத்திக்கொண்டால் பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. பழைய கலர் டிவிகளை வடிவமைத்தவர்கள் டெக்கின் குணம் தெரிந்தவர்கள். டெக்குக்கென்றே சில டிவிகளில் ஒரு சேனல் எண்ணை ஒதுக்கி, அதில் மட்டும் ஊசல் விரைவாகத் திருந்தும்படி அமைத்திருந்தார்கள். அப்படியும் கொஞ்சம் மிச்சமிருந்தால், மின்கதிர் அந்த வரியைச் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ தொடங்கும், அவ்வளவுதான். ட்யூப்பில் கட்டம் கட்டமாகப் பிரித்த புள்ளிகளின் கணக்கு இல்லை. கேசட் எந்தத் தாளத்துக்குப் போட்டாலும் அதற்கு ஆடியது டப்பா டிவி.

எல்.இ.டி. டிவி ஆடாது. அதன் முகத்தில் இருப்பவை நகராத கட்டங்கள். டெக்கிலிருந்து வரும் மஞ்சள் வயரின் சிக்னலை அது முதலில் எண்களாக மாற்ற வேண்டும். அதற்கான உலகப் பொதுக் கணக்கு 1982இல் வகுக்கப்பட்டது: நொடிக்கு 1.35 கோடி மாதிரிகள், வரிக்கு 864. ஒரு வரி 64 மைக்ரோநொடிதான் என்று நம்பி இந்தக் கணக்கு நடக்கிறது. டெக்கோ ஒரு வரியை 63.9இல் அனுப்பும், அடுத்ததை 64.1இல் அனுப்பும், கை மாறும் இடத்தில் மூன்று நான்கு மைக்ரோநொடி எகிறும். மலிவான மின்சுற்று மெதுவாகத் திருந்தும். மறைந்த 25 வரிகள் தாண்டி, கண்ணுக்குத் தெரியும் முதல் முப்பது நாற்பது வரிகள் கோணலாகவே எண்களாகிவிடும். இன்னும் மோசமானால், இது சிக்னலே இல்லை என்று முடிவுகட்டி நீலத்திரை போட்டுவிடும். பழைய டிவி குறைந்தபட்சம் கொசு பறப்பதையாவது காட்டிக்கொண்டிருக்கும்.

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற, மூன்று வயரை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் குட்டிப் பெட்டிகளும் இதில் சேர்த்தி. வெளியே வரும் எச்.டி.எம்.ஐ. சிக்னல் கடிகாரம்போல் ஒழுங்காக இருக்கும். ஆனால் உள்ளே ஏற்கெனவே சாய்ந்துவிட்ட மரம், சாய்ந்தபடியே படத்தின் ஒரு பகுதியாக உறைந்திருக்கும். அதற்குப் பின் எத்தனை விலையுயர்ந்த டிவியில் செருகினாலும் பயனில்லை.

இதெல்லாம் ஊகமில்லை என்பது எப்படித் தெரியும்? முதல் சாட்சி படத்திலேயே இருக்கிறது. மரம் சாயும் இடத்தில் படத்தின் இடப்பக்கக் கறுப்பு விளிம்பைப் பாருங்கள். அதுவும் அதே அளவு சாய்ந்திருக்கும். கேமரா லென்ஸின் கோளாறாக இருந்தால் காட்சி வளையும், விளிம்பு வளையாது. விளிம்பும் சேர்ந்து நகர்ந்தால், அந்த வரி முழுதுமே நேரம் தப்பி வந்தது என்று பொருள்.

இரண்டாவது சாட்சி பின்னிழுப்பு. ஸ்டுடியோக்களும் டிவி நிலையங்களும் பயன்படுத்திய யு-மேட்டிக் டெக்குகளின் முகப்பிலேயே இதற்கு ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருகினால் நாடா இறுகும், படத்தின் உச்சி ஒரு பக்கம் சாயும். மறுபக்கம் திருகினால் நாடா தளரும், உச்சி எதிர்ப்பக்கம் சாயும். நடுவில் ஓரிடத்தில் நேராகும். காரணத்தைக் கையால் கூட்டிக் குறைத்து விளைவு கூடிக் குறைவதைக் காண்பதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? வீட்டு டெக்கில் அந்தத் திருகு இல்லை. உள்ளே விரலை விட்டு இழுத்துப் பார்க்கும் எண்ணம் வேண்டாம், ஹெட் போய்விடும்.

மூன்றாவது, அலைகாட்டி. பொறியியல் கல்லூரி ஆய்வகம் எதிலும் இருக்கும் ஆசிலோஸ்கோப்தான். செட்டாப் பாக்ஸின் சிக்னலைக் கொடுத்தால் ஒத்திசைவுத் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோடாக நிற்கும். டெக்கின் சிக்னலைக் கொடுத்தால் அந்தக் கோடு நடுங்கிப் பட்டையாகத் தடிக்கும். நடுக்கத்தின் அகலத்தை மைக்ரோநொடியில் அளந்து, திரையில் மரம் சாய்ந்த சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நான்காவது சாட்சி அண்மைக் காலத்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஹெட் படிக்கும் கச்சா மின்னலையை, டெக் அதைப் படமாக்கும்முன்பே தட்டி எடுத்து, அப்படியே கணினியில் சேமித்து, மீதி வேலை அனைத்தையும் மென்பொருளில் செய்யும் திறமூல முயற்சி ஒன்று இருக்கிறது. வி.எச்.எஸ்.-டீகோட் என்று பெயர். லேசர் டிஸ்க்குகளை மீட்க எழுதிய மென்பொருளிலிருந்து கிளைத்தது. அதில் ஒவ்வொரு வரியின் துடிப்பும் எந்தக் கணத்தில் வந்தது என்று பட்டியலிட்டு, வரிகளைத் துடிப்புக்கு நேராக நகர்த்தி வைக்கிறார்கள். வேறெதையும் தொடுவதில்லை. மரம் நிமிர்ந்துவிடுகிறது. படத்துக்குள் இருந்த தகவல் ஒருபோதும் கோணவில்லை, வந்து சேர்ந்த நேரம்தான் கோணியது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி கிடையாது.

சரி, மென்பொருள் இல்லாமல் இதை எப்படி நேராக்குவது? புறநகரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். வாசலில் சம்ப் கட்டி வைத்திருக்கிறோமே, எதற்கு? லாரித் தண்ணீர் காலை ஆறுக்கும் வரும், பதினொன்றுக்கும் வரும், ஒருநாள் வராமலும் போகும். வருவது எப்படி வந்தாலும் சம்ப்பில் இறக்கிவிடுகிறோம். குழாயில் எடுப்பது நம் நேரப்படி. சம்ப்பின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு தாமதத்தைத் தாங்கலாம். காலத்திருத்தி என்று நான் சொல்லப்போகும் கருவி, டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டி.பி.சி., இதையேதான் செய்கிறது. தடுமாறி வரும் வரியை, அதன் துடிப்பு வந்த கணத்திலிருந்து கணக்கிட்டு, நினைவகத்தில் இறக்குகிறது. ஒழுங்கான ஒரு படிகக் கடிகாரத்தைப் பார்த்து, சரியாக 64 மைக்ரோநொடிக்கு ஒரு வரியாக வெளியே விடுகிறது.

சில வரிகள் மட்டும் கொள்ளும் சிறிய சம்ப் இருந்தால் அது வரித் திருத்தி. வாழைமரத்தை நிமிர்த்துவது இதுதான். ஒரு முழுப் படமே கொள்ளும் பெரிய சம்ப்பைப் படத் திருத்தி எனலாம். நீலத்திரை வராமல், சிக்னல் அறுபடாமல் காப்பது இதன் வேலை. ஆனால் ஒவ்வொரு வரியின் நடுக்கத்தையும் அது திருத்தும் என்று சொல்ல முடியாது. பெரிய சம்ப் இருந்தாலும் வரத்து தொடர்ந்து குறைந்தால் ஒருநாள் வற்றத்தானே செய்யும்? அப்போது திருத்தி முந்தைய படத்தையே இன்னொரு முறை காட்டிச் சமாளிக்கும். வரத்து மிகுந்து வழிந்தால் ஒரு படத்தை விட்டுவிடும். நாதஸ்வரக்காரரின் விரலும் ஓசையும் பொருந்தாமல் போகும் பிரதிகள் சில இப்படித்தான் உண்டாகின்றன.

இந்தக் கருவி புதிதல்ல. சுழலும் ஹெட் வந்த நாளிலிருந்தே ஒளிபரப்பாளர்களுக்கு இந்தத் தலைவலி உண்டு. முதலில் மின் தாமதச் சுற்றுகளை வைத்துச் சமாளித்தார்கள். 1970களில் நினைவகச் சில்லுகள் வந்தபின் டிஜிட்டல் காலத்திருத்திகள் வந்தன. யு-மேட்டிக் நாடாவில் எடுத்த செய்திப் படம் டிவி நிலையத்திலிருந்து வெளியே போக வேண்டுமானால் காலத்திருத்தி வழியாகத்தான் போயாக வேண்டும். வீட்டு டெக்குக்கு அந்தச் செலவு தாங்காது என்பதால் விட்டுவிட்டார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. வீட்டு டெக் கலரின் நேரப் பிசகை மட்டும் உள்ளேயே திருத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் கலரே வராது. கறுப்பு-வெள்ளை விவரத்தைத் திருத்தாமல் அனுப்பிவிடும், டிவி பார்த்துக்கொள்ளும் என்று. டிவியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டது.

இன்று தனியாக ஒரு காலத்திருத்தி வாங்குவது கஷ்டம், விலையும் அதிகம். ஆனால் வேறு பெட்டிகளுக்குள் அது ஒளிந்திருக்கிறது. எஸ்-வி.எச்.எஸ். வகை உயர்தர டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே உண்டு. இருபது ஆண்டுக்கு முந்தைய டி.வி.டி. ரெக்கார்டர்கள் சிலவற்றிலும் உண்டு. பானசோனிக்கின் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, இ.எஸ்.15 என்ற மாடல்களை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் தேடி வாங்குவது இதற்காகத்தான். அவற்றில் டிஸ்க் போட வேண்டிய அவசியமே இல்லை. டெக்கின் வயரை உள்ளே கொடுத்து, வெளியே வருவதை எடுத்துக்கொண்டால் மேல்பக்கச் சாய்வு பெரும்பாலும் அடங்கிவிடும். பி.ஏ.எல். மாடல்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்றால் கதை வேறு. அது 525 வரி, நொடிக்கு ஏறத்தாழ 30 படம் என்ற என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். அதை ஓட்டத் தெரிந்த டெக்கே வேண்டும்.

திருத்தியை மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய எளிய வேலைகள் சில இருக்கின்றன. பல ஆண்டுகள் படுத்துக்கிடந்த கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மீண்டும் முதலுக்குச் சுற்றுங்கள். நாடாவின் இறுக்கம் சீராகும், சில நேரம் சாய்வு அதிலேயே பாதி குறையும். ட்ராக்கிங் பொத்தான் இந்தச் சாய்வுக்கு மருந்தில்லை. ஹெட்டைச் சரியான தடத்தின் மேல் ஓடவைப்பது அதன் வேலை, படத்தில் குறுக்கே ஓடும் கொசுப் பட்டைக்குத்தான் அது. ஆனாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட வேண்டும். துடிப்பே இரைச்சலில் மூழ்கிவிட்டால் எந்தத் திருத்தியும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்ததுபோல் இருந்தால் அது பூஞ்சை. கடற்கரையை ஒட்டிய நம் ஊரின் ஈரக் காற்றுக்கு இது சகஜம். அதை டெக்கில் போட்டால் ஹெட்டும் அடைபடும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டில் இருந்ததெல்லாம் நனைந்தது. அப்படிச் சேறு புகுந்து காய்ந்த கேசட்டை "ஓடுதா பார்ப்போம்" என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுகூட ஆபத்து.

வாழைமரம் நிமிர்ந்தபின்னும் இரண்டு விகாரங்கள் மிஞ்சும். ஒன்று, எல்லோரும் குண்டாகத் தெரிவது. பழைய படம் நாலுக்கு மூன்று விகிதம், புது டிவி பதினாறுக்கு ஒன்பது. இடைவெளி விடாமல் நிரப்ப டிவி படத்தை அகலவாக்கில் இழுக்கிறது. ரிமோட்டில் படத்தின் வடிவத்தை 4:3 என்று மாற்றி, இருபுறமும் கறுப்புப் பட்டை வர விடுங்கள். மற்றொன்று, நகரும் கைகளின் ஓரம் சீப்புப் பல்போல் பிசிறடிப்பது. ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் இருபதாயிரம் மைக்ரோநொடி இடைவெளியில் எடுக்கப்பட்ட தனித்தனிப் புலங்கள். இரண்டையும் அவசரமாக ஒரே படமாக ஒட்டினால் அந்த இடைவெளியில் நகர்ந்த கை இரண்டாகத் தெரியும். நல்ல மென்பொருள் இந்தப் புலங்களை நொடிக்கு 50 தனிப் படங்களாக விரிக்கும், அசைவும் அன்று கண்டதுபோல் வழுக்கும்.

இவை இரண்டையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். கலர், வெளிச்சம், இரைச்சல் எல்லாமே அப்படித்தான். நேரப் பிசகு மட்டும் அப்படியில்லை. ஒத்திசைவுத் துடிப்பு படத்துக்கு வெளியே இருப்பது. எண்களாக்கிக் கோப்பாகச் சேமிக்கும்போது படம் மட்டும் தங்குகிறது, துடிப்பு உதிர்ந்துவிடுகிறது. அதன்பின் எந்த வரி எவ்வளவு தாமதமாக வந்தது என்று சொல்ல ஓரத்துக் கறுப்பு விளிம்பைத் தவிர சாட்சி இல்லை, அதுவும் அரைகுறைச் சாட்சிதான். செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களை இந்த இடத்தில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கோணிய மரத்தைக் கொடுத்தால் அது கோணிய மரத்தைத்தான் இன்னும் துல்லியமாக வரைந்து தரும்.

புதிய வி.எச்.எஸ். டெக் உலகில் எங்கும் தயாராவதில்லை. கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவதெல்லாம் பழையது, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஹெட் கொஞ்சம் தேய்கிறது. எனவே கேசட்டை ஒரே ஒருமுறை, ஒழுங்காக மாற்றிவிடுங்கள். அதற்குக் கடையில் கொடுக்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் டி.பி.சி. இருக்கிறதா? கோப்பை 4:3இல், வரிகளைக் குறைக்காமல், 50 புலங்களும் இருக்கும்படி தருவீர்களா? மூலக் கேசட்டைத் திருப்பித் தருவீர்களா? முதல் கேள்விக்கே "அதெல்லாம் தேவையில்லை சார், கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்" என்று பதில் வந்தால், கேசட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.